வாசலில் நின்ற மழைப் பேருந்து

மழை பெய்துவிடக் கூடாது என்று ஆண்டு முழுவதும் வேண்டிக்கொண்டும், குடிக்கத் தண்ணீர் இல்லையே என்று அதே ஆண்டு முழுவதும் புலம்பிக்கொண்டும் வாழ்ந்த செவக்காட்டுப்பட்டியில், ஆடி மாதம் பதினொன்றாம் நாள், இசக்கித்தாய் என்னும் ஐம்பத்தோரு வயதுப் பெண் தன் பயணத் திட்டத்தின் கடைசி வரியை நோட்டில் எழுதி முடித்தாள். மறுநாள் காலை, அந்த வரியில் கண்டிருந்தபடியே சரியாக ஆறு மணி இருபது நிமிடத்துக்கு, எங்கோ கன்னட மலைநாட்டில் சிருங்கேரியிலிருந்து ஆகும்பேக்குப் போக வேண்டிய பேருந்து அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சன்னல் கம்பிகளில் பெரணி இலைகள் ஒட்டியிருந்தன. கூரையில் மூட்டைகளின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயில் குளம்போல் நீர் தேங்கியிருந்தது. கம்பளிக் குல்லாய் அணிந்த நடத்துநர் படியில் நின்று, "ஆகும்பே, ஆகும்பே" என்று, நாள்தோறும் அந்தத் தெருவுக்கு வந்து பழகியவர்போல் அலுப்போடு கூவினார். பக்கத்து வீட்டுப் பூலம்மாள் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, பேருந்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி இசக்கி, உன் பஸ்ஸா இது? இப்பத்தான் கோலம் போட்டேன், அதும்மேல கொண்டாந்து ஏத்திட்டானே, கண்ணு தெரியல அவனுக்கு?"

அந்த ஊர் மழையை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. பாதிப் பேருக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. அதைத் தொழிற்சாலை என்று எவரும் சொன்னதில்லை, ஆபீஸ்தான். மழை வந்தால் குச்சி காயாது, மருந்து பிடிக்காது, அன்றைக்கு வேலையும் கிடையாது. இசக்கித்தாய் அந்த ஆபீசில் முப்பத்தோரு ஆண்டுகள் குச்சி அடுக்கியவள். பெற்றோர் மறைந்தபின் தம்பி கொம்பையாவை வளர்த்து, மணம் முடித்து, எதிர்வீட்டில் குடியமர்த்திவிட்டுத் தான் தனியாகவே நின்றுவிட்டவள். அவள் கண்ட தொலைதூரம் திருச்செந்தூர். ஒருநாள் குச்சிக்கு மரம் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டே, "ஆகும்பேன்னு ஒரு ஊரு இருக்கும்மா. மழைக்காலத்துல நீங்க செய்யிற பெட்டியில ஒரு குச்சிகூட அங்க பத்திக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அந்த நாழிகையே மறந்திருப்பார். கேட்டவளுக்கோ அன்று முதல் இருப்புக்கொள்ளவில்லை. தான் வாழ்நாளெல்லாம் அஞ்சிய ஈரம் அரசாளும் ஓரிடம் இருக்கிறது என்றால், அங்கே ஒருமுறை, யார் துணையும் இன்றி, யாருக்கும் பதில் சொல்லாமல், தன் கால்களால் போய் நிற்க வேண்டும் என்று அவள் உள்ளம் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு தை மாதத்தில் வேலையிலிருந்து நின்றுகொண்ட மறுவாரமே ஒரு நீள நோட்டு வாங்கினாள்.

அவளிடம் கார் இல்லை. கூட வர ஆள் இல்லை. மலைக்கு அப்பால் பேசும் மொழி தெரியாது. ஆனால் திட்டமிடத் தெரிந்தது. கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் நடத்துநர்களை நிறுத்தி நேரம் கேட்டாள். அங்கே பேக்கரி வைத்திருந்த ஹாசன்காரரிடம் தேங்காய் பன் வாங்கித் தின்றபடி, மைசூரிலிருந்து சிக்மகளூர், சிக்மகளூரிலிருந்து சிருங்கேரி என்று ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை மணிக்கு எந்த வண்டி, ஒன்றை விட்டால் அடுத்தது எது, எந்த நிலையத்தில் பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருக்கும், கோயில் சத்திரத்தில் தனியாக வருபவளுக்கு இடம் கொடுப்பார்களா என்று துருவித் துருவிக் கேட்டு எழுதினாள். "ஆகும்பே பஸ் எல்லி?" என்று, பேருந்து எங்கே எனக் கன்னடத்தில் கேட்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஏழு மாதங்களில் நோட்டு நிரம்பிற்று. கடைசி வரியாகச் சிருங்கேரி, காலை ஆறு இருபது என்று எழுதினாள். மறுநாள்தான் அது வாசலுக்கே வந்துவிட்டது.

பை ஆயத்தமாக இருந்தது. குளித்து, நெற்றியில் நீறு பூசி, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கியபோது, அவள் வீட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்த கொம்பையா பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"யக்கா! ரேசன் கார்டை எங்க வச்ச?"

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடலாகாது. கூப்பிட்டுவிட்டால், புறப்பட்டவர் வீட்டுக்குள் திரும்பிப்போய், அமர்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, சற்றே இருந்துதான் மறுபடி கிளம்ப வேண்டும். கொம்பையா நாக்கைக் கடித்துக்கொண்டான். இசக்கித்தாய் உள்ளே போனாள், அமர்ந்தாள், குடித்தாள். வெளியே வருவதற்குள் நடத்துநர் விசில் ஊதினார். பன்னிரண்டு நிமிடம் நின்ற பேருந்து, புழுதியில் ஈரச் சக்கரத் தடம் பதித்துவிட்டுப் போயிற்று.

"நாளைக்கும் வரும்லா" என்றான் கொம்பையா, தலையைச் சொறிந்துகொண்டே.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. இரண்டாம் நாளே வார்டு உறுப்பினர் சங்கிலிமுத்து, ஊருக்குள் வரும் எதற்கும் தானே முதலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சியோடு, வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பேருந்து உறுமிக் கிளம்பிற்று. மூவரும் அதே தெருவின் மறுமுனையில், வேலிக்கருவை மரத்தடியில், நனைந்த வேட்டிகளோடு இறங்கி நின்றார்கள். யார் ஏறினாலும் இதுவே நடந்தது. பேருந்து அவளுக்கு உரியது என்று ஊருக்கு விளங்கிவிட்டது. அதற்குமேல் அதன் பிறப்பை ஆராய எவருக்கும் நேரமில்லை. ஏனென்றால் அதற்குள் பூலம்மாள், சொட்டுகிற தண்ணீர் வீணாகிறதே என்று, தன் குடத்தைக் கொண்டுவந்து தார்ப்பாயின் ஓரத்தின்கீழ் வைத்துவிட்டாள்.

குடம் இரண்டு நிமிடத்தில் நிரம்பிற்று. அந்தத் தண்ணீரில் பருப்பு கால்மணி நேரத்தில் வெந்தது. உப்பு நீரையே குடித்து வளர்ந்த பிள்ளைகள் அதைக் குடித்துப் பார்த்து, இதில் ருசியே இல்லையே என்று அழுதார்கள். லாரித் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறை, வந்தால் வரும் என்ற நிலையிலிருந்த ஊர் அது. மூன்றாம் நாள் தெருவில் நாற்பத்திரண்டு குடங்கள் நின்றன. சங்கிலிமுத்து ஒரு கமிட்டி அமைத்து, குடங்களுக்குப் பெயிண்டால் எண் போட்டு, எந்த வீட்டுக் குடம் எந்த நாளில் முதலில் நிற்பது என்று முறை வகுத்தார். பேருந்திலிருந்து உதிர்ந்த ஓர் அட்டைப்பூச்சி பூலம்மாளின் கணுக்காலைக் கவ்வியபோது, இரத்தத்தைக் கண்டு அவள் தெருவே அதிர அலறினாள்; நடத்துநர் நிதானமாக இறங்கிவந்து உப்பு கேட்டுச் சைகை செய்து, அதை உதிர்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு ஏறிக்கொண்டார். அன்று முதல் குடம் பிடிக்க வருகிறவர்கள் இடுப்பில் உப்புப் பொட்டலமும் செருகிக்கொண்டு வந்தார்கள். ஓட்டுநர் சீனி குறைவாகக் கேட்பார் என்பதும், பேருந்தோடு வந்து இறங்கும் சிறு தவளைகளை மிதிக்கக் கூடாது என்பதும் இரண்டு வாரங்களில் ஊர் வழக்கமாகிவிட்டன. ஆடிக் காற்றில் செம்மண் பறக்கும் அந்தத் தெருவில், வாசல் நனைந்த ஒரே வீடாக இசக்கித்தாயின் வீடு நின்றது.

அவள்தான் போகவில்லை.

போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இதை நாம் கவனிக்க வேண்டும். தடை செய்கிறவர்கள் கோபத்தோடு வருவார்கள் என்று நாம் எண்ணியிருக்கிறோம். கதவைப் பூட்டுகிறவனிடம் சாவி கேட்கலாம். கையைப் பிடித்து இன்னும் ஒரு கரண்டி சோறு வைக்கிறவனிடம் எதைக் கேட்பது? தினமும் காலை அவள் பையோடு படியிறங்குவாள். தினமும் ஒரு குரல் பின்னாலிருந்து வரும். "யத்தே, சாவியை மறந்துட்டீகளா?" "இசக்கி, மருந்து மாத்திரை எடுத்துக்கிட்டியா?" "அக்கா, அங்க குளிருமாம்லா, கம்பளி வேணுமா?" அத்தனையும் அக்கறையான கேள்விகள். அத்தனைக்கும் அவள் திரும்பினாள், உள்ளே போனாள், அமர்ந்தாள், அந்தப் பேருந்தின் தண்ணீரையே ஒரு செம்பு குடித்தாள், விசில் சத்தம் கேட்டாள்.

"வாசலுக்கே வருது. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு. நீ என்ன, கோவில்பட்டி போயி, மதுரை போயி, அஞ்சு பஸ்சு மாறி அலையணும்னு தலையெழுத்தா?" என்றாள் கொம்பையாவின் மனைவி, பதினெட்டு ஆண்டுகளாக நாத்தனாரோடு முகம் கொடுத்துப் பேசாதவள், கருப்பட்டிப் பணியாரத்தைத் தட்டில் நீட்டியபடியே. அதில் நியாயம் இருப்பதாகவே இசக்கித்தாய்க்கும் பட்டது. ஊர் அவளைக் கொண்டாடிற்று. கோயில் கொடை விழாவில் முதல் திருநீறு அவளுக்குக் கொடுத்தார்கள். தெருவில் அவள் வந்தால் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் ஆபீசில் வரிசையெண்ணால் அழைக்கப்பட்டவளை இப்போது ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஆனால் கால்கள் அதற்கு இணங்கவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடிற்று. செருப்பைக் கழற்றாமலே உண்டாள். பகலில் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தாள். நடந்து வந்து நோட்டைத் திறந்து, முன்பே எழுதிய நேரங்களை மறுபடி எழுதினாள். பையிலிருந்த நான்கு சேலைகளை எடுத்து வேறுவிதமாக மடித்து வைத்தாள். காணாத ஊர்களின் நிறுத்தங்களை வரிசை மாறாமல் சொல்லத் தெரிந்திருந்தது அவளுக்கு. ஒன்றில்கூட அவள் பாதம் பட்டதில்லை. ஒருவர் கனவை வாசலிலேயே நிறுத்திவைத்து, நாள்தோறும் அதிலிருந்து ஒரு குடம் பிடித்துக்கொண்டு, அவரையும் மகிழ்வோடு இருக்கச் சொல்வது எவ்வளவு எளிதாக நமக்கு வாய்த்துவிடுகிறது!

முப்பத்தெட்டாம் நாள் காலை பேருந்து வந்தது. முதல் குடம் பூலம்மாளுடையது. இசக்கித்தாய் படியிறங்கினாள், ஈரத் தரையைக் கடந்தாள், பேருந்தின் படியில் வலது காலை வைத்தாள். அதுவரை ஒருநாளும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. குளிர்ந்த இலை மணம் உள்ளேயிருந்து முகத்தில் அடித்தது. நடத்துநர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் நின்றாள். ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு திரும்பினாள்.

"யாரு கூப்பிட்டா?"

தெருவில் நாற்பத்திரண்டு குடங்களின் பின்னால் நின்றவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூலம்மாளின் கையிலிருந்த குடம் நிரம்பி வழிந்து அவள் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது.

"யாருமே கூப்பிடலட்டி" என்றாள் பூலம்மாள். "இன்னைக்கு என் முறை. முதக் குடம் யாருதோ அவுக கூப்பிடணும்னு யாரும் சொல்லல, ஆனா எல்லாரும் அப்படித்தான் செஞ்சோம். முதன்முதல்ல குடம் வச்ச அன்னைக்கு நானும் கூப்பிட்டேன். இன்னைக்கு வேண்டாம்னு பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். நான் கூப்பிடல. நீ எதுக்குத் திரும்புன?"

ஊர் தன்னை முறைவைத்துத் தடுத்தது என்ற செய்தி இசக்கித்தாயைச் சுடவில்லை. எவரும் தடுக்காதபோதும் தன் கழுத்து தானாகத் திரும்பியதே, அது சுட்டது. விசில் ஒலித்தது. அவள் படியிலிருந்து காலை எடுத்தாள், பேருந்து போயிற்று. அவள் வீட்டுக்குள் போகவும் இல்லை, அமரவும் இல்லை, குடிக்கவும் இல்லை. குடங்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கும் இடுப்புக்கும் ஏறி வீடுகளுக்குப் போய்ச்சேரும்வரை, கடைசிக் குடம் வரைக்கும், வாசலிலேயே நின்று பார்த்தாள். இந்தப் பேருந்து போகாதவளுக்காக வருகிற பேருந்து. தான் போய்விட்டால் இது வராது. இதிலேயே ஏறிப் போனாலும், வாசலுக்கு வந்ததில் ஏறினேன் என்றுதான் இருக்குமே தவிர, போனேன் என்று இருக்காது. இவ்வளவும் அவளுக்கு அங்கே நின்றபடியே தெளிவாயிற்று.

உச்சி வெயிலில், ஒருவரும் எதிர்பாராத வேளையில், வீட்டைப் பூட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்தாள். கோவில்பட்டிப் பேருந்து பன்னிரண்டு ஐம்பதுக்கு. நோட்டின் முதல் வரி அது. தெருமுனை தாண்டியதும் சங்கிலிமுத்துவின் குரல் எழுந்தது.

"யக்கா! இசக்கியக்கா! ஒரு நிமிசம்!"

அவள் முதுகு சிலிர்த்தது. கழுத்து திரும்பத் துடித்தது. அவள் திரும்பவில்லை, நிற்கவும் இல்லை.

"சொல்லு தம்பி. கேட்டுக்கிட்டே நடக்கேன்."

சங்கிலிமுத்து திகைத்துப்போனார். இப்படி ஒரு பதிலை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. "நாளைக்குப் பஸ்சு வருமா?" என்று கத்தினார்.

"தெரியாது."

"வரலைன்னா நாங்க தண்ணிக்கு என்ன செய்ய?"

"யூனியன் ஆபீசுல கேக்க வேண்டியத என்கிட்ட கேட்டா எப்படிப்பா? குடம் நாப்பத்திரெண்டு இருக்குல்லா? எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வந்து இந்த ரோட்டுல உக்காருங்க. நான் போனபொறவு உக்காருங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள், பூலம்மாளாக இருக்கலாம். பிறகு ஓடிவரும் காலடிகள் கேட்டன. கொம்பையா மூச்சிரைக்க அவளைத் தாண்டி ஓடி, அவளோடு இணையாக வந்து, பையை வாங்கிக்கொண்டான்.

"பின்னால கூப்பிடல. பக்கத்துலதான வாரேன். இதுக்கு ஒண்ணும் சாத்திரம் இல்லையே?"

"இல்ல."

"தூரமாக்கா?"

"தூரந்தான்."

ஒன்றரை மைல் இருவரும் அந்தச் செம்மண் பாதையில் நடந்தார்கள். அவள் ஏறியபின், பேருந்து நகரும்வரை அவன் சன்னலோரம் நின்றான். "போயிட்டு வாரேன்" என்று அவள் சொன்னபோது, வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்று அஞ்சியவன்போல் கையைமட்டும் அசைத்தான்.

வாசலுக்கு வராத பேருந்துகளில் ஏறிப் போவது எளிதாக இல்லை. மதுரையில் அவள் எழுதியிருந்த வண்டி அந்த வாரத்தோடு நின்றுபோயிருந்தது. மைசூரில் தவறான வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றாள். சிக்மகளூரில் நோட்டில் இல்லாத ஒரு நிறுத்தத்தில் இறக்கிவிடப்பட்டு, பாக்குத் தோட்டத்து ஓரமாக மூன்று மைல் நடந்தாள். சிருங்கேரிச் சத்திரத்தில், தனியாக வந்தீர்களா என்று மூன்று பேர் மூன்று மொழியில் கேட்டார்கள். ஆமாம் என்று மூன்று முறையும் தமிழிலேயே சொன்னாள். நான்காம் நாள் காலை, ஆறு இருபதுப் பேருந்து ஆறு பதினெட்டுக்கே கிளம்பிவிட்டது. "ஆகும்பே பஸ் எல்லி?" என்று அவள் கேட்ட பெண்மணி பதில் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார், இருவரும் ஓடும் வண்டியில் தொற்றி ஏறினார்கள். உட்கார இடமில்லை. யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. யாருக்கும் அவள் பெயர் தெரியாது. மிளகு மூட்டைகளுக்கும் பலாப்பழங்களுக்கும் நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் யார் மேலாவது சாய்ந்துகொண்டு அவள் நின்றாள். இத்தனை நாளும் ஆடிக்கொண்டிருந்த முழங்கால் அப்போதுதான் ஆடாமல் நின்றது.

மலை ஏறத் தொடங்கியபோது மழை வந்தது. அவள் அறிந்த மழையல்ல அது. சன்னலுக்கு வெளியே மரம், பாதை, பள்ளம் எதுவும் தெரியவில்லை. வெண்மையான ஓர் இரைச்சல் மட்டுமே இருந்தது. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"ஏட்டி இசக்கி!" என்று கத்தினாள் பூலம்மாள். அவள் பின்னால் ஊரே கத்திக்கொண்டிருந்தது. "நீ போன மறுநாளே பஸ்சு வரல. ரெண்டு நாளு பாத்தோம். இன்னைக்கு விடியுமுன்னயே குடத்தோட மெயின் ரோட்டுல உக்காந்துட்டோம். அந்தப் பக்கம் அஞ்சு பஸ்சு, இந்தப் பக்கம் ஏழு, எல்லாம் நிக்குது. யூனியன் ஆபீசு பி.டி.ஓ. வாரேன்னு சொல்லிவிட்டிருக்காரு. வந்து எழுதிக் கொடுக்காம எந்திரிக்க மாட்டோம். சங்கிலிமுத்து தொண்ட கட்டுற அளவுக்குக் கோசம் போட்டுட்டான், இப்ப ஊமையா உக்காந்திருக்கான். உனக்குக் கோவம் இல்லையே?"

"இல்லட்டி."

"எங்க இருக்க? என்ன சத்தம் அது?"

"மழை."

"அம்புட்டுச் சத்தமாவா?"

இசக்கித்தாய் அருகிலிருந்தவரிடம் சைகையால் கேட்டுச் சன்னல் கதவை மேலே தூக்கச் செய்தாள். போனைப் பிடித்த கையை வெளியே நீட்டினாள். மழை முழங்கைவரை அறைந்தது, தோள்வரை நனைத்தது, உள்ளங்கையில் போன் வழுக்கிற்று.

அந்தப் பக்கத்தில் பூலம்மாள் யாரையோ அதட்டினாள். கோஷம் நின்றது. குடங்கள் உருளும் ஓசை நின்றது. நிறுத்தப்பட்ட பேருந்துகளின் ஒலிப்பான்கள்கூட ஒவ்வொன்றாக அடங்கின. காலை வெயிலில், சூடேறும் தார்ச்சாலையில், வெறுங்குடங்களின் மீது கைவைத்தபடி ஓர் ஊர் முழுவதும் ஆகும்பே மழையைக் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் இருந்தவர்கள் தங்கள்மேல் சாரல் அடிப்பதாக முணுமுணுத்தார்கள். இசக்கித்தாய் கையை உள்ளே இழுக்கவில்லை.